முதல் தலைமுறை மாணவர் கதை: ஒரு நாளைக் கேளுங்கள்

கேள்வி: குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த மாணவர்களை அனுபவம் எழுதச் சொன்னேன். எல்லாத் தாளிலும் ஒரே வாசகம்: ‘எளிய குடும்பத்தில் பிறந்தேன், கஷ்டப்பட்டுப் படித்தேன்.’ சொந்தக் கதையை எப்படி வரவழைப்பது? (பேராசிரியை ஒருவர்)

பதில்: ‘உங்கள் வாழ்க்கையைப் பற்றி எழுதுங்கள்’ என்றால் மேடையில் கேட்ட வாசகம்தான் கைக்கு வரும். ஒரே ஒரு நாளைக் கேளுங்கள். சேர்க்கைப் படிவத்தில் ‘பெற்றோரின் கல்வித்தகுதி’ என்ற கட்டத்தில் என்ன எழுதினீர்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள்? முதல் வாரம் புரியாமலே தலையாட்டிய சொல் எது: செமஸ்டரா, கிரெடிட்டா? அதை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டீர்கள்? வீட்டுக்குப் போன் பேசும்போது எதைச் சொல்லாமல் விட்டீர்கள்? கடைசிக் கேள்விக்குப் பலர் சற்று நேரம் பேசாமல் இருப்பார்கள். அந்த இடைவெளியை நீங்கள் பேசி நிரப்பிவிடாதீர்கள்.

எழுதுமுன் பேசவிடுங்கள். இருவர் இருவராக உட்காரட்டும். ஒருவர் 10 நிமிடம் பேச, மற்றவர் ‘அப்புறம்?’ என்பதற்கு மேல் வாய் திறக்கக் கூடாது. பேசிய சூட்டோடு 15 நிமிடம் எழுதட்டும். எழுத்துப்பிழையைப் பிறகு பார்க்கலாம். பேச்சுநடையில் கை வைக்காதீர்கள். ‘பீஸ் கட்டியாச்சாடா’ன்னு அம்மா கேட்டதை ‘தாயார் கட்டணம் குறித்து வினவினார்’ என்று திருத்தினால், அந்த வரியில் அம்மா இருக்கமாட்டார்.

இன்னொன்று, தடையைச் சொன்னதோடு கதை நின்றுவிடக் கூடாது. நிக்கோல் ஸ்டீபன்ஸும் இரு சக ஆய்வாளர்களும் 2014-ல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு இதைக் காட்டுகிறது. புதிய மாணவர்கள் முன் மூத்த மாணவர்கள் ஒரு மணி நேரம் போலப் பேசினார்கள். ஒரு கூட்டத்தில் குடும்பப் பின்னணியால் வந்த சிக்கலையும் அதைச் சமாளித்த வழியையும் சேர்த்துச் சொன்னார்கள். இன்னொன்றில் பின்னணியைத் தொடவில்லை. முதல் கூட்டத்தில் இருந்த முதல் தலைமுறை மாணவர்கள் பேராசிரியரைத் தேடிப்போய் உதவி கேட்பது கூடியது. மற்ற மாணவர்களோடு இருந்த மதிப்பெண் இடைவெளி ஆண்டு முடிவில் 63 சதவீதம் குறைந்தது. ஆகவே ‘அதற்கு என்ன செய்தீர்கள்?’ என்று தவறாமல் கேளுங்கள்.

கேள்வி: ஒரு மாணவி தன் அப்பாவின் குடிப்பழக்கத்தை எழுதியிருக்கிறாள். உருக்கமான கட்டுரை. ஆண்டு மலரில் போடலாமா? (மலர்க் குழு உறுப்பினர்)

பதில்: உருக்கமாக இருப்பது போடுவதற்குக் காரணமாகாது. அது அவள் கதை மட்டுமல்ல, அவள் அப்பாவின் கதையும்கூட. எழுதும் முன் சம்மதம் வாங்கியிருந்தாலும், அச்சுக்குப் போகும் இறுதி வடிவத்தை அவள் கையில் கொடுத்து மறுபடி கேளுங்கள். யோசிக்க இரண்டு நாளாவது வேண்டும். ஆசிரியர் எதிரில் நின்றால் மாணவர்கள் ‘சரி’ என்றுதான் சொல்வார்கள். அதனால் மதிப்பெண் போடாத ஒருவர் கேட்பது நல்லது. ‘இதை வீட்டில் யாராவது படித்துக்காட்டினால் உனக்குப் பரவாயில்லையா?’ என்று வெளிப்படையாகக் கேளுங்கள். பெயரை மட்டும் எடுத்தால் போதாது. ஊர், துறை, அப்பாவின் தொழில் மூன்றும் இருந்தால் வகுப்பே கண்டுபிடித்துவிடும். அவள் வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: போனில் பதிவு செய்தால் குரல் தெளிவாக வரவில்லையே? (மாணவர் ஒருவர்)

பதில்: போன் தூரத்தில் இருந்திருக்கும். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், போனை ஏரோப்பிளேன் மோடில் போடுங்கள். காலி அறையில் எதிரொலிக்கும். திரைச்சீலை, மெத்தை உள்ள அறை நல்லது. முதலில் அரை நிமிடம் பதிவு செய்து, ஹெட்போனில் கேட்டுவிட்டுத் தொடருங்கள்.