ஒருவர்கூட அளந்து பார்க்கவில்லையா?

கேள்வி: எனக்கு வயது 28. பனியன் கம்பெனியில் வேலை. தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பள்ளி ஹாஸ்டலில் குளிக்கும்போது பையன்கள் கேலி செய்த நாளிலிருந்து என் ஆணுறுப்பு சிறியது என்ற எண்ணம் மனதை விட்டுப் போகவில்லை. விறைப்பில் எந்தக் குறையும் இல்லை. விளம்பரம் பார்த்து ஒரு கிளினிக்குக்குப் போனேன். ஃபில்லர் ஊசி (தோலுக்கடியில் நிரப்புப் பொருள் ஏற்றுவது) போட்டால் பருமன் கூடும், அப்புறம் ஆபரேஷன் செய்து நீளத்தையும் கூட்டலாம் என்றார்கள். பத்து நிமிடம் பேசினார்கள், பரிசோதிக்கவில்லை. 20,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டேன். இந்தச் சிகிச்சைக்கு நான் ஏற்றவன்தானா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: தம்பி, ‘பரிசோதிக்கவில்லை’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அதற்கு மேல் படிக்க மனம் வரவில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் குடல்வால் ஆபரேஷனுக்கு யாராவது தேதி கொடுப்பார்களா? நீங்கள் ஏற்றவரா என்ற கேள்விக்குப் பதில் தொடங்குவதே அளவெடுப்பதில்தான். அதைச் செய்யாமலே பணம் வாங்கியிருக்கிறார்கள்.

எப்படி அளப்போம் என்று சொல்கிறேன். சாதாரண ஸ்கேல் போதும். உறுப்பின் நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்து நீட்ட வேண்டும். ஸ்கேலின் முனையை அடிவயிற்றுக் கொழுப்புக்குள் அழுத்தி, உள்ளே இருக்கும் எலும்பில் இடிக்கும்படி வைக்க வேண்டும். அங்கிருந்து நுனி வரை எவ்வளவு என்பதுதான் கணக்கு. விறைத்த நிலையில் வரும் நீளத்துக்கு இது ஏறக்குறைய சமம். தொப்பை இருப்பவர்களுக்கு உறுப்பின் ஒரு பகுதி கொழுப்புக்குள் புதைந்திருக்கும். அழுத்தி அளந்ததும், “இவ்வளவு இருக்கா டாக்டர்?” என்று கேட்டவர்கள் உண்டு. குனிந்து மேலிருந்து பார்த்தால் யாருக்கும் சிறியதாகத்தான் தெரியும். குளிரிலும் பயத்திலும் இன்னும் சுருங்கும். ஹாஸ்டல் குளியலறையில் அந்தக் காலைநேரத்தில் உங்களுக்கு இரண்டுமே இருந்திருக்கும்.

2015-இல் லண்டன் கிங்ஸ் காலேஜைச் சேர்ந்தவர்கள், மருத்துவத் துறையினர் கையால் அளந்த 15,000-க்கும் மேற்பட்ட ஆண்களின் கணக்கைத் தொகுத்து வெளியிட்டார்கள். விறைத்த நிலையில் சராசரி நீளம் 13.12 செ.மீ., சுற்றளவு 11.66 செ.மீ. 2007-இல் வெளியான கேரள ஆய்வொன்றிலும் நீளம் 13 செ.மீ.தான் வந்தது. சராசரி என்றால் பாதிப் பேர் அதற்குக் கீழே இருப்பார்கள். அது நோய் இல்லை. நீளத்துக்காக ஆபரேஷன் செய்ய யோசிக்கலாம் என்று 1996-இல் சான்ஃபிரான்சிஸ்கோ மருத்துவர்கள் ஓர் எல்லை சொன்னார்கள்: இழுத்த நிலையிலோ விறைத்த நிலையிலோ 7.5 செ.மீ.க்கும் குறைவு, அல்லது தளர்ந்த நிலையில் 4 செ.மீ.க்கும் குறைவு. இத்தாலியில் 67 பேர் உறுப்பை நீட்டச் சொல்லி வந்தார்கள். அவர்களை அளந்து 2002-இல் வெளியிட்டார்கள். ஒருவருக்குக்கூட உறுப்பு உண்மையில் குட்டையாக இல்லை.

அப்படியானால் இந்தச் சிகிச்சைகள் யாருக்காக? பிறவியிலேயே ஹார்மோன் குறைபாட்டால் உறுப்பு வளராமல் போனவர்கள், விபத்திலோ புற்றுநோயிலோ ஒரு பகுதியை இழந்தவர்கள், உள்ளே தழும்பு விழுந்து உறுப்பு வளைந்து சுருங்கியவர்கள், கொழுப்புக்குள் முழுக்கப் புதைந்து சிறுநீர் கழிக்கவே சிரமப்படுபவர்கள். இவர்களுக்கு அறுவை மருத்துவம் பெரிய உதவி செய்திருக்கிறது, செய்கிறது. எல்லாம் சரியாக இயங்கும் உறுப்பைக் கூடுதலாக்க வருபவர்களுக்குத்தான் லாபம் குறைவு, நஷ்டம் அதிகம்.

நீளத்துக்கான ஆபரேஷனில் உறுப்பை இடுப்பெலும்போடு பிடித்துவைத்திருக்கும் தசைநாரை வெட்டிவிடுவார்கள். உள்ளே இருக்கும் பகுதி கொஞ்சம் வெளியே இறங்கும். தளர்ந்த நிலையில் ஓரிரு செ.மீ. கூடுதலாகத் தெரியலாம். விறைத்தால் நீளம் கூடாது. பிடிமானம் போய்விடுவதால் விறைப்பு மேலே நிமிராமல் கீழ்நோக்கி ஆடலாம். வெட்டிய இடத்தில் தழும்பு இறுகினால் முன்பைவிடச் சுருங்கிப் போவதும் உண்டு. இந்த ஆபரேஷனும் பருமனுக்குக் கொழுப்பு ஊசி போடுவதும் பாதுகாப்பானவை என்றோ பலன் தருபவை என்றோ நிரூபிக்கப்படவில்லை என்பதுதான் அமெரிக்கச் சிறுநீரியல் (யூராலஜி) சங்கத்தின் நிலைப்பாடு.

ஃபில்லரில் ஹயலூரோனிக் அமிலம் என்ற ஜெல் ஓரளவு பரவாயில்லை. நாளாக ஆகக் கரையும், தேவைப்பட்டால் மருந்து போட்டும் கரைக்கலாம். ஆனால் ஊசிக்குள் இருப்பது அதுதானா? சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு பையன் வந்தான். உங்கள் வயதுதான் இருக்கும். உறுப்பின் தோலுக்கடியில் புளியங்கொட்டை புளியங்கொட்டையாக ஆறேழு கட்டிகள். ஒன்றின் மேல் தோல் கறுத்து நீர் கசிந்துகொண்டிருந்தது. கரையும் ஃபில்லர் என்று சொல்லித்தான் அவனுக்குப் போட்டிருக்கிறார்கள். நாங்கள் கரைக்கும் மருந்து போட்டும் அசையவில்லை, உள்ளே இருந்தது சிலிக்கோன் எண்ணெய். கட்டியோடு தோலையும் வெட்டி எடுத்துவிட்டுத் தொடையிலிருந்து தோலை எடுத்து ஒட்ட வேண்டியதாயிற்று. கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் அவன் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். “முன்னாடி நல்லாத்தானே சார் இருந்துச்சு” என்று ஒரு நாள் சொன்னான். இன்னும் எனக்கு அது மறக்கவில்லை.

அளவு போலவே மனதையும் பார்க்காமல் யாரையும் ஏற்றவர் என்று சொல்லக் கூடாது. என்னிடம் வந்திருந்தால் இவற்றையெல்லாம் கேட்டிருப்பேன்: ஒரு நாளில் எத்தனை முறை எடுத்துப் பார்க்கிறீர்கள்? பொதுக் கழிப்பறையில் மற்றவர்கள் போகும்வரை காத்திருக்கிறீர்களா? இதற்காகப் பெண் பார்ப்பதைத் தள்ளிப்போட்டீர்களா? ஒரு செ.மீ. கூடினால் வாழ்க்கையில் என்ன மாறும்? உடலில் ஒரு குறை இருப்பதாக மனம் ஓயாமல் அரித்துக்கொண்டிருக்கும் நிலையும் ஒரு நோய்தான். பேச்சு சிகிச்சையும் மாத்திரையும் அதற்கு உண்டு. அப்படிப்பட்டவருக்குக் கத்தி வைத்தால் ஆபரேஷன் நன்றாக முடிந்தாலும் அவருக்குத் திருப்தி வராது, அடுத்த ஆபரேஷனைத் தேடுவார். இது தவிர, கட்டுப்படாத சர்க்கரை, புகைப்பழக்கம், ரத்தத்தை இளக்கும் மாத்திரை இவற்றில் ஏதாவது இருந்தாலும் யோசிக்க வேண்டும். புண் ஆறத் தாமதமாகலாம், ரத்தக்கசிவும் ஆகலாம். கல்யாணத் தேதியைக் குறித்துவிட்டு அதற்குள் சரிசெய்துவிடலாம் என்று ஓடுவது எல்லாவற்றையும்விட மோசமான நேரம். வீக்கமும் வலியுமாகவா முதலிரவுக்குப் போவீர்கள்?

ஊசிக்குப் பயந்து எண்ணெய், லேகியம் பக்கம் போய்விடாதீர்கள். உறுப்பின் அளவையோ வடிவத்தையோ மாற்றுவதாக எந்த மருந்தும் உரிமை கோரக் கூடாது என்று நம் நாட்டு மருந்து விதிகளின் ஜே அட்டவணையே சொல்கிறது. லாட்ஜில் ரூம் போட்டு உட்கார்ந்திருக்கும் வைத்தியர்களிடம் பணத்தைத் தொலைத்தவர்கள் போதும்.

பெண்ணுக்குப் போதுமா என்ற பயம் கடிதத்தில் இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கும் என்று நினைக்கிறேன். பெண்ணுறுப்பில் உணர்ச்சி அதிகம் இருப்பது வாசலை ஒட்டிய பகுதியில். உணர்ச்சி மிகுந்த சிறு மொட்டான கிளிட்டோரிஸ் இன்னும் வெளியிலேயே இருக்கிறது. உங்கள் மனைவிக்குத் தேவைப்படப்போவது அவசரமில்லாத ஒரு கணவன்.

இப்போது என்ன செய்யலாம்? கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிறுநீரியல் (யூராலஜி) துறை இருக்கிறது. வெளிநோயாளி சீட்டு வாங்கிக்கொண்டு போங்கள். “சைஸ் பற்றிப் பயமாக இருக்கிறது, அளந்து சொல்லுங்கள்” என்று நேராகவே கேளுங்கள். தினமும் இதே பயத்தோடு வருபவர்களைப் பார்க்கிறவர்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். 7.5 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் ஹார்மோன் பரிசோதனைகளை அவர்களே எழுதுவார்கள். அதற்கு மேல் இருந்தால், அங்கேயே மனநலப் பிரிவில் ஒரு முறை பேசிவிட்டு வாருங்கள். பன்னிரண்டு பதின்மூன்று வருடமாகத் தனியாகச் சுமந்திருக்கிறீர்கள், ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள்.

முன்பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். தராவிட்டாலும் பரவாயில்லை, அவர்கள் கொடுத்த தேதிக்குப் போகாதீர்கள்.