சில்லு தெறித்த தீக்கிண்ணம்

கேள்வி: பெரியதும் சிறியதுமான இரண்டு பிளாஸ்டிக் பேசின்களை அச்சாக வைத்து, கொல்லைப்புறத்தில் தீ மூட்டிக் குளிர்காய ஒரு கான்கிரீட் கிண்ணம் வார்த்தேன். பத்து நாள் கழித்து விறகை நிறைய அடுக்கிப் பற்றவைத்தபோது, படீரென்ற சத்தத்துடன் உட்புறத்திலிருந்து ஒரு சில்லு பெயர்ந்து தெறித்தது. கலவையில் பிழையா? சிமெண்ட் பூசி இதையே பயன்படுத்தலாமா?

பதில்: தெறித்த சில்லு யார் கண்ணையும் தாக்கவில்லை என்றே நம்புகிறேன். அந்தக் கிண்ணத்தில் இனி தீ மூட்ட வேண்டாம். மேலே பூசும் சிமெண்ட் பழைய பரப்போடு ஒன்றாது, சூடு பட்டதும் அதுவும் பெயரும். செடித்தொட்டியாக அது நெடுநாள் உழைக்கும்.

கலவையைவிட, உங்கள் அவசரமே காரணமாக இருக்கக்கூடும். தொட்டால் கல்லைப்போல உலர்ந்திருக்கும் கான்கிரீட்டின் நுண்துளைகளில் நீர் தங்கியிருக்கும். அது 100 டிகிரி செல்சியஸைத் தாண்டி ஆவியாகும்போது, வெளியேற வழி கிடைக்காமல் உள்ளிருந்து அழுத்தி, மேற்பரப்பைப் பிளந்துகொண்டு வெடிக்கிறது. நன்றாக உலர்ந்த கான்கிரீட்டுக்கும் வேறொரு கேடு உண்டு. சுமார் 400 டிகிரிக்கு மேல் சிமெண்டின் பிணைப்பு சிதையத் தொடங்குகிறது. மணலிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் 573 டிகிரியில் சட்டென விரிகிறது. விறகுத் தணல் இந்த அளவை எளிதாகத் தாண்டிவிடும்.

ஆகவே, சாதாரண சிமெண்டில் வார்த்த கிண்ணத்தில் தணல் நேரடியாகப் படக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து. உள்ளே ஓர் இரும்புச் சட்டியை, சுற்றிலும் காற்று புகும் இடைவெளி விட்டு, சிறு கால்களின் மேல் நிறுத்தி, அதில் தீ மூட்டுங்கள். கான்கிரீட்டிலேயே மூட்டியாக வேண்டுமென்றால், கடும் வெப்பம் தாங்கும் உயர் அலுமினா சிமெண்டையும் தீச்செங்கல் நொறுக்கலையும் கொண்டு வார்க்க வேண்டும். அதை முதன்முறை சூடேற்றும் முறையைத் தயாரிப்பாளர் குறிப்பிட்டபடியே பின்பற்றுங்கள்.

புதிதாக வார்க்கும்போது சுவர் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். மழைநீர் வடிய, அடியில் ஒரு குழாய்த்துண்டை முன்கூட்டியே செருகிவிடுங்கள். சாதாரண சிமெண்ட் என்றால் ஒரு வாரம் ஈரச்சாக்கு போர்த்தி க்யூரிங் செய்து, 28 நாள் முடிந்த பிறகும் மழை படாத இடத்தில் சில வாரங்கள் உலரவிடுங்கள். க்யூரிங் பலம் சேர்ப்பதற்கு, உலர்த்துவது நீரை வெளியேற்றுவதற்கு. ஒன்று முடிந்ததும் மற்றதும் முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணிவிடுகிறார்கள். முதல் சில தடவை இரும்புச் சட்டியிலும் சுள்ளிகளால் சிறு தீ மட்டும் மூட்டுங்கள்.

அழகுக்காக ஆற்றுக் கூழாங்கற்களைத் தீயருகே பரப்பாதீர்கள். நீர் ஊறிய கற்களும் இதேபோல் வெடிக்கும். சூடான கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும் என்பதால், தணல் தானாக அடங்கும்வரை அருகிலேயே இருங்கள்.