கேஷ் நம் காசுதானா?

சொற்பிறப்புக் கேள்விகளில் இந்த வாரம் பாதிக்கு மேல் ஒரே சொல்லைப் பற்றித்தான்: கேஷ்.

மதுரை வாசகர்: கடையில் 'கேஷா, கார்டா?' என்கிறார்களே, அந்தக் கேஷ் நம் காசுதானே?

இல்லை. லத்தீனில் 'கப்ஸா' என்றால் பெட்டி. அது இத்தாலி, பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குப் போனது. அங்கே பணப்பெட்டியைக் குறித்த சொல், அப்புறம் உள்ளே இருக்கும் ரொக்கத்துக்குப் பெயராகிவிட்டது. நம் கல்லாவைப் பாருங்கள். மளிகைக் கடையில் சில்லறை போடும் பெட்டிக்குத்தான் அந்தப் பெயர். ஆனால் 'இன்றைக்குக் கல்லா எவ்வளவு?' என்றால் வசூலைத்தான் சொல்கிறார்கள்.

கேஷியர்?

அதே பெட்டிதான்.

தஞ்சாவூர் வாசகர்: '20 கேஷ்' என்று போட்ட 1808ஆம் ஆண்டுச் செப்புக் காசு வைத்திருக்கிறேன். கடலில் எடுத்தது என்று சொல்லி விற்றார்கள். இதுவும் பெட்டிதானா?

இங்கேதான் நம் காசு வருகிறது. ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொற்கள் உண்டு. போர்ச்சுகீசியர் நம் காசைத் தங்கள் வாய்க்கு ஏற்றபடி 'கைஷா' என்றார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதே பெயர்! அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். அப்போது சென்னையில் 80 கேஷ் சேர்ந்தால் 'பணம்' என்ற நாணயம் ஒன்று, 42 பணம் சேர்ந்தால் 'வராகன்' என்ற பொற்காசு ஒன்று. சீனாவின் ஓட்டைக் காசுக்கும் இந்தப் பெயரையே வைத்தார்கள்.

கடல் கதையும் நடந்ததுதான். பர்மிங்காமில் அடித்த இந்தக் காசுகளோடு சென்னைக்குக் கிளம்பிய 'அட்மிரல் கார்டனர்' கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. உங்கள் காசு அதில் இருந்ததா என்பதையும் அதன் விலையையும் நாணயம் சேகரிப்பவர்களிடம் கேளுங்கள்.

'தமிழின் பெருமையை ஏன் குறைக்கிறீர்கள்?' (மூன்று பேர்)

குறைக்கவில்லை. ஒலி ஒத்துப்போனால் மட்டும் போதாது, சொல் வந்த வழியைக் காட்ட வேண்டும். ஆங்கிலத்தில் கட்டுமரம் 'கட்டமரன்' ஆனதற்கும் சுருட்டு 'செரூட்' ஆனதற்கும் வழி தெளிவாக இருக்கிறது. அவற்றைத் தைரியமாகச் சொல்லுங்கள். தவறான ஒன்றைச் சேர்த்தால் இவற்றையும் யாரும் நம்பமாட்டார்கள்.

'கேஷ், காசு: ஒலி ஒன்றாக இருக்கிறதே?' (இன்னும் ஐந்து பேர்)

மதுரை வாசகருக்கு எழுதியதைப் படியுங்கள். ஒலி போதாது, வழி வேண்டும்.

திருச்சி வாசகர்: தமிழில் காசு என்ற சொல் எவ்வளவு பழையது?

நல்ல கேள்வி. 7ஆம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் திருவீழிமிழலையில் 'வாசி தீரவே காசு நல்குவீர்' என்று பாடியிருக்கிறார். வாசி என்றால் காசை மாற்றும்போது பிடித்துக்கொள்ளும் வட்டம், அதாவது கழிவு. இறைவனிடம் அவர் கேட்டது, வட்டம் பிடிக்காத நல்ல காசு.