4:1 மல்டிபிளெக்சர்களை மட்டும் வைத்து 16:1 அமைப்பது எப்படி?

மல்டிபிளெக்சர் என்பது பல உள்ளீடுகளில் ஒன்றை மட்டும் தேர்ந்து வெளியே அனுப்பும் சர்க்யூட்; 4:1 என்றால் 4 உள்ளீடு, 1 வெளியீடு. 16:1 அமைக்க 4:1 மொத்தம் 5 வேண்டும். ஐ0 முதல் ஐ15 வரையுள்ள 16 உள்ளீடுகளையும் வரிசையாக நான்கு நான்காக முதல் 4 மல்டிபிளெக்சர்களுக்குக் கொடுங்கள். அவற்றின் 4 வெளியீடுகளும் ஐந்தாவதற்கு உள்ளீடாகும்.

பலர் குழம்புவது, எந்த உள்ளீடு வெளியே வர வேண்டும் என்று சொல்லும் செலக்ட் லைன்களில்தான். கீழ் பிட்டுகள் எஸ்1, எஸ்0 முதல் நான்குக்கும் பொதுவாகப் போக வேண்டும். மேல் பிட்டுகள் எஸ்3, எஸ்2 கடைசி ஒன்றுக்கு மட்டும். 1101 என்று கொடுத்துப் பாருங்கள். கீழ் பிட்டுகள் 01 என்பதால் முதல் நான்கிலிருந்து ஐ1, ஐ5, ஐ9, ஐ13 ஆகியவை ஐந்தாவதற்கு வரும். அங்கே மேல் பிட்டுகள் 11 என்பதால் ஐ13 வெளியே வரும். 13 என்பதும் 1101தான், சரியா? பிட்டுகளை மாற்றி இணைத்தாலும் சர்க்யூட் வேலை செய்யும், ஆனால் உள்ளீடுகளின் வரிசை கலைந்துவிடும்.

8:1 போதும் என்றால் ஒரு 74153 ஐசியே போதும், அதற்குள் இரண்டு 4:1 உண்டு. எஸ்2-ஐ முதல் 4:1-இன் எனேபிளுக்கு (அதை இயக்கவோ நிறுத்தவோ செய்யும் உள்ளீடு) நேராகவும், இரண்டாவதற்கு நாட் கேட் வழியாகவும் கொடுத்து, வெளியீடுகளை ஆர் கேட்டில் சேருங்கள். எனேபிள் 0 ஆக இருக்கும்போதுதான் அந்த 4:1 இயங்கும், கவனம்.