குளியலறைக் கூரை ஒழுகினால் யாரிடம் போவது?

கூரை ஒழுகுகிறது, நகர மன்றத்துக்கு எழுதியும் பயனில்லை என்கிறீர்கள். அது அவர்கள் வேலையே இல்லை, அக்கா. தாழ்வாரம், மின்தூக்கி, புளோக்கின் கீழ்த்தளம் இதெல்லாம்தான் அவர்கள் பாடு. வீட்டுக்குள் ஒழுகினால் வீவக (சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கிளை அலுவலகத்துக்குத்தான் போகவேண்டும். பெரும்பாலும் மேல்வீட்டுக் குளியலறைத் தரையில் நீர்காப்புப் பூச்சு தேய்ந்திருக்கும். ஆனால் செலவு மேல்வீட்டார் தலையில் மட்டும் விழாது, உங்களுக்கும் பங்குண்டு (கசக்கத்தான் செய்யும்!). வீவகவின் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்துக்குத் தகுதி இருந்தால் பாதியைக் கழகமே ஏற்கும். மீதிப் பாதி உங்கள் இரு வீட்டாருக்கும், மொத்தச் செலவில் ஆளுக்கு 25 விழுக்காடு. முதலில் மேல்வீட்டாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பாதிச் சண்டை அடங்கிவிடும். அப்புறம், மஞ்சள் கறை படர்வதைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள். பெயின்ட் அடித்து மறைத்துவிடாதீர்கள். பார்க்க வருபவர்களுக்கு அந்தக் கறைதான் வேண்டும்.