மிரின் மாதிரி

கேள்வி: ஆறு மாதமாக இங்கே ஜப்பானில், வீட்டில் மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப் வைக்கிறோம். நாங்கள் சைவம். மிசோவிலேயே மீன் இருக்கிறது என்கிறார் பக்கத்து வீட்டு அம்மா. கடை மீது புகார் செய்யலாமா? (நிஷி கசாய்)

பதில்: முடியாது. டப்பாவில் 'தாஷி இரி' என்று போட்டிருக்கும். சாறு சேர்த்தது என்று பொருள். பெரும்பாலும் சூரை மீன் சாறு. ஆறு மாதத்தில் ஒரு நாளாவது போனை லேபிளில் காட்டிப் படித்திருக்கலாம். சாதா மிசோவில் சோயா, கோஜி (தானியத்தில் வளர்த்த நல்ல பூஞ்சை), உப்பு, அவ்வளவுதான். கொம்பு கடல்பாசியை இரவே ஊறப்போட்டு அந்தத் தண்ணீரில் கரையுங்கள். கடல்பாசியின் மேலே இருக்கும் வெள்ளைப் பொடி பூஞ்சை அல்ல, கழுவிவிடாதீர்கள்.

கேள்வி: டியூபில் வருவது அசல் வசாபியா (காரமான பச்சை விழுது)? (கவாசாகி)

பதில்: 'ஹோன்வசாபி ஷியோ' என்றால் பாதியாவது அசல். 'ஹோன்வசாபி இரி' என்றால் பாதிகூட இல்லை.

கேள்வி: மிரின் (இனிப்பான சமையல் மது) ஊற்றி மீன் வேகவைத்தாலும் வாடை போவதில்லை. (யோகோஹாமா)

பதில்: நீங்கள் ஊற்றுவது மிரினே அல்ல, 'மிரின்ஃபூ'. 'ஃபூ' என்றால் 'மாதிரி'. அசலான ஹோன்மிரின் பசையரிசி, கோஜி, ஷோச்சு (வடித்த மது) சேர்த்து ஊறவைத்தது. 14% அளவுக்கு ஆல்கஹால் இருக்கும், வாடையை எடுப்பது அதுதான். மாதிரியில் அது 1% கூடக் கிடையாது, சர்க்கரைப் பாகுதான். அதே அலமாரி, அதே நிறம், அதே வடிவ பாட்டில்! 'மிரின்' கொட்டை எழுத்தில், 'ஃபூ' எறும்பு அளவில். இங்கே வந்த முதல் வருடம் முழுக்க நானும் அதைத்தான் வாங்கினேன். மலிவாக வாங்குகிறேன் என்ற பெருமை வேறு. ரசீதைப் பாருங்கள்: அசல் மதுவகை என்பதால் விற்பனை வரி 10%, மாதிரிக்கு 8%.

கேள்வி: மிசோ போட ஆன்லைனில் கோஜி வாங்கினேன். கறுப்புப் பூஞ்சையோடு வந்தது. உணவுப்பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார்கள். (சைத்தாமா)

பதில்: கோபம் நியாயமானது. நல்ல கோஜி வெள்ளையாக, வாசமாக இருக்கும். ஆன்லைன் வாங்கலுக்கு, மனம் மாறினால் திருப்பித் தரும் 'கூலிங் ஆஃப்' சலுகை கிடையாதுதான். ஆனால் கெட்டுப்போன சரக்கு வேறு கதை. அதற்கு விற்றவர்தான் பொறுப்பு. பெட்டியோடு படம் எடுத்துவைத்து, 188-ஐ அழையுங்கள். பக்கத்து நுகர்வோர் மையத்துக்கு இணைப்பார்கள். விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: புது தோனாபே மண்சட்டி முதல் நாளே விரிசல். (சிபா)

பதில்: முதலில் கஞ்சி காய்ச்சினீர்களா? அடிப்பக்க ஈரத்தைத் துடைத்தீர்களா? இல்லையென்றால் அடுத்த சட்டிக்குச் செய்யுங்கள்.