படகு இல்லாமல், கரையில் நின்றே சால்மன் பிடிக்க முடியுமா?

கேள்வி இது: "சியாட்டில் பக்கம் குடிவந்து சில மாதங்கள் ஆகின்றன. படகு இல்லை, தூண்டில் பழக்கமும் இல்லை. கரையில் நின்றபடி சால்மன் பிடிக்க ஆசை. எங்கிருந்து ஆரம்பிப்பது?"

முடியும். நான் பிடித்திருக்கிறேன். ஆனால் முதல் மீன் கைக்கு வருவதற்குள் ஏழு நாள் போயிற்று. அதில் ஐந்து நாளை நானே வீணடித்தேன். உங்களுக்கு அது வேண்டாம் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சின்ன வயதில் செங்கல்பட்டு ஏரிக்கரையில் மண்புழு கோத்து, தக்கையைப் பார்த்துக்கொண்டே மணிக்கணக்கில் உட்கார்ந்தவன் நான். அந்தப் பழக்கம்தான் இங்கே என்னைக் கெடுத்தது. ஏரிக் கெண்டை அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருக்கும், நாம் பொறுமையாக இருந்தால் எப்போதாவது வந்து கடிக்கும். சால்மன் அப்படி இல்லை. கடலில் வளர்ந்துவிட்டு, முட்டையிடுவதற்காகப் பிறந்த ஆற்றுக்குத் திரும்பிப் போகிற வழிப்போக்கன் அது. ஆகவே கரையில் நிற்பவர் பார்க்க வேண்டியது, மீன் போகும் வழியில், மீன் போகும் நேரத்தில் நிற்கிறோமா என்பதைத்தான். தூண்டில் கம்பு விலை உயர்ந்ததா, இரை எவ்வளவு தூரம் போய் விழுகிறது என்பதெல்லாம் அப்புறம்.

முதலில் வருஷம். சிரிக்காதீர்கள், நிஜமாகவே வருஷம்தான். இங்குள்ள 5 வகைப் பசிபிக் சால்மன்களில் புதியவருக்கு ஏற்றது பிங்க் சால்மன். இங்கே 'ஹம்பி' என்பார்கள், ஆற்றுக்குப் போகும் ஆண் மீனுக்கு முதுகில் திமில் மாதிரி எழும்பிவிடும். இதன் ஆயுள் சரியாக 2 வருஷம். சியாட்டிலை ஒட்டிய கடலான பியூஜெட் சவுண்டுக்கு இது ஒற்றைப்படை வருஷங்களில்தான் கூட்டமாக வரும்: 2023, 2025, அடுத்தது 2027. இரட்டைப்படை வருஷத்தில் பெயருக்குத்தான் வரும். ஆகஸ்ட் மாதமும் செப்டம்பர் முதல் பாதியும் இதன் காலம். ஒரு மீன் 3 முதல் 5 பவுண்டு எடைதான், ஆனால் கூட்டம் கூட்டமாகக் கரையை ஒட்டியே போகும், சுலபமாகக் கடிக்கும். இரட்டைப்படை வருஷமாக இருந்தால் கோஹோ என்ற இன்னொரு வகைச் சால்மனுக்கு முயலலாம், செப்டம்பரிலும் அக்டோபரிலும் வரும். அது இன்னும் வேகம், இன்னும் முரடு, கரைக்காரருக்குக் கொஞ்சம் கஷ்டம்.

அடுத்தது இடம். வரைபடத்தை விரித்து, கரை எங்கெல்லாம் மூக்கு மாதிரி கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கே விரலை வையுங்கள். பசிபிக்கிலிருந்து ஜுவான் டி ஃபூகா ஜலசந்தி வழியாக உள்ளே நுழையும் மீன், கரையோரமாகவே வந்து இந்த மூக்குகளைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். விட்பி தீவின் மேற்குக் கரையில் புஷ் பாயின்ட், கிட்சாப் பக்கம் பாயின்ட் நோ பாயின்ட், மேற்கு சியாட்டிலில் லிங்கன் பார்க், டகோமாவில் பிரவுன்ஸ் பாயின்ட், எல்லாமே இப்படிப்பட்ட இடங்கள். நான் வீணடித்த ஐந்து நாளில் மூன்று நாள், கார் நிறுத்த வசதியாக இருக்கிறதே என்று ஒரு வளைவான விரிகுடாவுக்குள் போய் நின்றேன். காற்று நன்றாக இருந்தது.

மிச்ச இரண்டு நாளைக் கெடுத்தது நேரம். சரியான இடத்துக்குத்தான் போனேன், காலை பத்து மணிக்கு, தோசை சாப்பிட்டுவிட்டு! விடிவதற்கு அரை மணி முன்னால் அங்கே இருக்க வேண்டும். கூடவே கடலின் ஏற்றவற்ற அட்டவணையையும் பார்க்க வேண்டும். ஏற்றம் வற்றமாக மாறுவதற்கு ஒரு மணி முன்னும் பின்னும் மீன் நன்றாகக் கடிக்கும் என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள், என் அனுபவமும் அதுதான். விடியலும் அந்த மாற்றமும் ஒன்றாக வரும் நாளை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள், அலுவலகத்தில் அன்று காலை மீட்டிங் வைக்காதீர்கள்.

சாமான்களில் சீக்கிரம் முடித்துவிடலாம். எட்டரை அல்லது ஒன்பது அடி ஸ்பின்னிங் கம்பு, 3000 அல்லது 4000 அளவு ரீல், 20-30 பவுண்டு கனம் தாங்கும் பிரெய்டு (பின்னல்) நரம்பு, அதன் நுனியில் நாலைந்து அடிக்கு 12-15 பவுண்டு நைலான் நரம்பு. ஒரு ஐஸ் பெட்டி. இவ்வளவுதான். கடையில் உங்கள் தலையில் கட்டப் பார்க்கும் மிச்சத்தை எல்லாம் அடுத்த வருஷம் வாங்கிக்கொள்ளலாம்.

இரைக்கு 'பஸ் பாம்' என்ற உலோகத் துண்டு, இளஞ்சிவப்பு நிறம், இரண்டரை அங்குலம். பிங்க் சால்மனுக்கு பிங்க் நிறம்தான் பிடிக்கும் என்பது கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் ஒரு காலை முழுக்க நீல நிறத்தை எறிந்துவிட்டுப் பக்கத்து ஆள் மூன்று மீன் பிடிப்பதைப் பார்த்தால் நம்பிக்கை வந்துவிடும். இதன் நடுவே துளை இருக்கும், நரம்பு அதன் வழியாகத் தாராளமாக ஓடும். முள் கீழே தனியாகத் தொங்கும், இரண்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் துண்டு. மீன் மாட்டியதும் உலோகம் நரம்பில் மேலே நழுவிப் போய்விடும். மீன் தலையை உதறினால் அந்தக் கனத்தை வைத்து முள்ளைக் கழற்ற முடியாது.

இதை வேலை செய்ய வைப்பது எப்படி என்று எனக்குக் காட்டியவர் லிங்கன் பார்க்கில் பக்கத்தில் நின்ற ஒரு பிலிப்பினோப் பெரியவர். நான் எறிவதும் சரசரவென்று சுற்றி இழுப்பதுமாக இருந்தேன். அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, என் ரீல் மேல் கையை வைத்து நிறுத்தினார். "விழ விடு" என்றார், அவ்வளவுதான். எறிந்தபின் ஐந்து எண்ணும் வரை மூழ்க விட வேண்டும். கம்பை மெல்லத் தூக்கி, பிறகு நுனியைத் தாழ்த்த வேண்டும். அந்த நேரத்தில் துண்டு சுழன்று அதிர்ந்துகொண்டே கீழே இறங்கும், அடிபட்ட குஞ்சு மீன் மாதிரி. தளர்ந்த நரம்பை இரண்டு சுற்று சுற்றி எடுத்துவிட்டு, மறுபடி தூக்கல். மீன் பெரும்பாலும் அந்த இறக்கத்தில்தான் கடிக்கும். கடித்தது வெடுக்கென்று தெரியாது. விழுந்துகொண்டிருக்கும் நரம்பு நடுவழியில் நின்றுவிடும், அல்லது அடுத்த முறை தூக்கும்போது ஈரத்துணி மாதிரி கனக்கும்.

அன்றைக்கு எனக்கு அப்படித்தான் கனத்தது. பாறையில் மாட்டிவிட்டது என்று நினைத்தேன், பாறை பக்கவாட்டில் நகர்ந்தது. பதற்றத்தில் ரீலின் ட்ராகை, அதாவது மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிரேக்கை, இறுக்கிவிட்டேன். பிங்க் சால்மனின் வாய் மெத்தென்று இருக்கும், கிழிந்து போயே போய்விட்டது. இரண்டாவது மீனை எப்படியோ கரைப்பக்கம் கொண்டுவந்து, நரம்பைத் தளர விட்டுத் தொலைத்தேன். மூன்றாவதுதான் எனக்கு. ட்ராகைத் தளர்வாக வையுங்கள், ஆனால் நரம்பு ஒரு நொடிகூடத் தொய்யக் கூடாது. கரைக்கு வந்ததும் கம்பால் தூக்காதீர்கள். அலை உள்ளே வரும்போது அதோடு சேர்த்து நீங்கள் பின்னால் நடந்தால், மீன் தானாகக் கூழாங்கல் மேல் வழுக்கி வந்துவிடும். மீன் மாட்டியவுடன் "ஃபிஷ் ஆன்!" என்று கத்துங்கள், இரண்டு பக்கத்து ஆட்களும் தங்கள் நரம்பைச் சுற்றிக்கொண்டு வழிவிடுவார்கள். கூச்சப்பட்டுக் கத்தாமல் இருந்தால் நாலு நரம்பு சிக்கலாகி நாலு பேர் திட்டு வாங்குவீர்கள். கடல்நாய் கத்தினாலும் நகராது, அது பாதி மீனை எடுத்துக்கொண்டால் சிரித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

சட்டத்தில் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். 15 வயது ஆனவர்களுக்கு உரிமம் வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில் 90 நாளாவது குடியிருந்து அதற்குச் சான்றும் இருந்தால் உள்ளூர்க்காரர் கட்டணம், அது குறைவு. உரிம வருஷம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. பிப்ரவரியில் போய் முழு வருஷ உரிமம் வாங்கி ஏமாறாதீர்கள். முள் ஒற்றை முள்ளாக இருக்க வேண்டும், நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சின்ன முள் இருக்கக் கூடாது, குறட்டால் நசுக்கிவிடலாம். பிடித்த சால்மனை, அதைக் குறிப்பதற்கென்றே இருக்கும் அட்டையில் உடனே, அங்கேயே பதிவு செய்ய வேண்டும். எந்தப் பகுதி திறந்திருக்கிறது, நாளைக்கு எத்தனை மீன் என்பதெல்லாம் சீசன் நடுவிலேயே மாறும். மாநில மீன்வளத் துறையின் செயலியைக் கிளம்புவதற்கு முன் ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

மீனை அடையாளம் தெரிந்துகொள்வதும் சட்டத்தோடு சேர்ந்ததுதான். பிங்க்குக்கு வால் முழுக்கப் பெரிய முட்டை வடிவப் புள்ளிகள், செதில் பொடிப் பொடியாக இருக்கும். கோஹோவுக்கு வாலின் மேல் பாதியில் மட்டும் புள்ளி, ஈறு வெளுப்பு. சினூக் என்ற வகைக்கு ஈறு கறுப்பு, வால் இரண்டு பாதியிலும் புள்ளி. பியூஜெட் சவுண்ட் சினூக் 1999 முதல் அழிவு அபாயப் பட்டியலில் இருக்கிறது, எனவே கறுத்த ஈறைப் பார்த்தால் விதியைப் பார்க்கும்வரை தண்ணீரை விட்டு வெளியே எடுக்காதீர்கள். முதுகின் பின்பகுதியில் வாலுக்கு முன்னால் இருக்கும் சின்னச் சதைத் துடுப்பு வெட்டப்பட்டிருந்தால் அது பண்ணையில் குஞ்சாக வளர்த்து விட்ட மீன். வெட்டப்படாத காட்டு மீனைப் பல இடங்களில் விட்டுவிட வேண்டும்.

ஆற்றுக்கும் போகலாம், ப்யூயாலப் ஆற்றில் பிங்க் காலத்தில் தோளோடு தோள் உரச நிற்பார்கள். எனக்கு ஒத்துவரவில்லை. அங்கே பழங்குடியினரின் வலையைப் பார்த்துச் சிலர் முணுமுணுப்பார்கள், நீங்கள் சேர்ந்துகொள்ளாதீர்கள். அமெரிக்க அரசோடு செய்த 1854-55 உடன்படிக்கைகளில் அவர்கள் நிலத்தைக் கொடுத்து, மீன்பிடி உரிமையை வைத்துக்கொண்டார்கள். பிடிக்கத்தக்க மீனில் பாதி அவர்களுடையது என்று 1974-இல் நீதிபதி ஜார்ஜ் போல்ட் தீர்ப்பளித்தார்.

பிடித்தவுடன் தலையில் ஒரே அடி, செவுளை வெட்டி ரத்தம் வடிய விட்டு, நேரே ஐஸில் வையுங்கள். பிங்க் கறி சீக்கிரம் குழைந்துவிடும், ஒரு மணி நேரம் வெயிலில் கிடந்தால் அவ்வளவுதான். இதை ஒழுங்காகச் செய்யாதவர்கள்தான் "ஹம்பி ருசியில்லாத மீன்" என்கிறார்கள். கொழுப்புக் குறைவு என்பது உண்மை, அதனால் வெறுமனே சுட்டால் வறண்டு போகும். மஞ்சள் போட்டு வேக வைத்து, முள் எடுத்து உதிர்த்து, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாயோடு சுறாப்புட்டு மாதிரி வதக்குங்கள். எங்கள் வீட்டில் முதல் மீன் அப்படித்தான் போயிற்று.

அன்று ராத்திரி அம்மாவிடம் வீடியோவில் காட்டினேன். "என்ன மீன்டா?" என்றாள். சால்மன் என்றேன். நம்மூரில் காலா மீனை 'இந்தியன் சால்மன்' என்று சொல்லி விற்பார்கள், இரண்டுக்கும் சொந்தமே கிடையாது. "காலாவா? நல்லா தடியா இருக்கே, கிலோ என்ன விலை?" என்று கேட்டாள். கம்பு, ரீல், உரிமம், ஏழு நாள் பெட்ரோல் எல்லாவற்றையும் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். "சும்மாதாம்மா கிடைச்சுது" என்று சொல்லிவிட்டேன்.